அந்தக் காரின் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது

அன்பு மாப்ள மாணிக்கத்துக்கு,

நீ போன பிறகு, மலைப்பாதையில் பஸ் ஓட்டிய காலம் முழுக்க உன்னோடு பேசிக்கொண்டேதான் ஏறியிருக்கிறேன். கியரை மாற்றும்போது முணுமுணுப்பேன். முன் சீட்டு அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சே போதும் என்றுதான் இருந்தேன். நேற்று நடந்த ஒன்று என்னை எழுத உட்கார வைத்துவிட்டது.

அடிவாரத்து டீக்கடையில் நின்றிருந்தேன். ஏற்காட்டில் ஓட்டல் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர், நான் யாரென்று தெரியாமல் கேட்டார். "ஏனுங்க, மேல ஒரு வளைவுல பாரின் காரோட ஒரு டிரைவர் குடிச்சுப்போட்டு உளுந்தானாமே. அது எந்த வளைவுங்க?"

"அப்பிடி ஒருத்தரும் உளுகலீங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் கீழே வைத்துவிட்டேன். இவ்வளவு நடந்த பிறகும் அந்தப் பொய் மலையை விட்டு இறங்கவில்லை, மாப்ள. அதனால்தான் இந்தக் கடிதம். உனக்கு என்றால் வாயால் சொன்னால் போதும். இது ஊர் படிக்க வேண்டியது. ஊர் உன்னை மறந்திருக்கலாம் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீ கிளியூர்க்காரன். எஸ்டேட் ஜீப் ஓட்டினாய். நான் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ் ஓட்டினேன். தினமும் எதிரெதிரே ஹாரன் அடித்துக்கொண்டே சிநேகிதமானோம். அப்புறம் என் தங்கச்சி சரோஜாவை உனக்குக் கட்டிவைத்தோம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, அவளைப் பார்ப்பதற்கு முன்னால், வாசலில் நின்ற என் சைக்கிளின் செயினைத்தான் நீ குனிந்து பார்த்தாய் என்று அவள் இன்னமும் சொல்லிக் காட்டுகிறாள்.

அப்போதுதான் அந்த வெள்ளைக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். தங்கள் ஊரிலிருந்து பழைய காலத்துக் கார்களைக் கப்பலில் ஏற்றி மெட்ராஸுக்கு அனுப்புவார்கள். பின்னாலேயே பிளேனில் வந்து இறங்கி, அந்தக் கார்களைத் தாங்களே ஓட்டிக்கொண்டு, கூட்டமாக, பாண்டிச்சேரி, ஏற்காடு, ஊட்டி, கொச்சி என்று சுற்றுவார்கள். டிரைவர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் அல்ல. ஓட்டுவதுதான் அவர்களுக்கு விடுமுறை. நீ அதை முதலில் சொன்னபோது நான் சிரித்தேன்.

"நாமெல்லாம் லீவு போட்டுட்டுத் தூங்கறோம். இவுங்க லீவு போட்டுட்டு வண்டி ஓட்டறாங்களா மாப்ள?"

"சிரிக்காதீங்க மச்சான். காலைல எந்திரிச்சதும் பல்லு வெளக்கறதுக்கு முன்னால பானெட்டைத் தொறந்து பாக்கறாங்க. நம்மளாட்டத்தானுங்க."

உனக்கு அவர்களைப் பிடித்திருந்தது. உன் ஜீப்தான் வரிசைக்கு முன்னால் போகும். எதிரே பஸ்ஸோ லாரியோ வந்தால் நிறுத்தி, சிவப்புத் துணியை ஆட்டுவாய். பின்னால் வரும் கார்கள் ஒதுங்கி நிற்கும். வளைவுக்கு வளைவு ரேடியேட்டர் கொதிக்கும். எந்தப் பாறை இடுக்கில் தண்ணீர் வரும் என்று உனக்குத் தெரியும். வயதான வெள்ளைக்கார அம்மாக்களுக்கு "வணக்கமுங்க" சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தாய். என் பஸ் கடந்து போகும்போது அவர்கள் எல்லாரும் கையெடுத்து, "வணக்கமுங்க" என்பார்கள். பஸ்ஸே சிரிக்கும்.

இந்தப் பயணங்களை நடத்தியவன் ரகுநாத். அப்பன் வழியில் ஏற்காட்டில் காப்பி எஸ்டேட், பெங்களூரில் வீடு. நீ கடைசி வரைக்கும் முதலாளி என்றுதான் சொன்னாய். நானும் அன்றைக்கு அவர் என்றுதான் சொல்வேன். இப்போது அவன் என்று எழுதுவது உனக்குப் பிடிக்காது. பொறுத்துக்கொள், மாப்ள. என் கைக்கு வேறு எழுத்து வரவில்லை.

அந்த வருஷம் தை மாதத்தில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. அடிவாரத்திலிருந்து ஏரி வரைக்கும் யார் முதலில் ஏறுகிறார்கள் என்று விருந்தாளிகளுக்குள் போட்டி. ஜெயிப்பவருக்கு வெள்ளிக் கோப்பை. பஸ் போகிற, லாரி போகிற, மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் நடந்து போகிற பாதை அது. யாரிடம் கேட்டான்? யாரிடமும் கேட்கவில்லை.

முந்தின நாள் சாயந்திரம் நீ எங்கள் ஊட்டுக்கு வந்தாய். எப்போதும் உன் குட்டி மகள் கவிதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவாய், அன்றைக்குத் தனியாக வந்திருந்தாய்.

"நாஞ் சொல்லிட்டனுங்க மச்சான். பனி எறங்கற நேரம், பஸ் வர்ற நேரம், வேண்டாமுங்கன்னு. சிரிக்கறாரு. மாணிக்கம், ஜீப்பை விட்டுட்டு நீ ஒரு வண்டில பக்கத்துல உக்காந்து வளைவு சொல்லுங்கறாரு."

"முடியாதுன்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"நான் இல்லீன்னா வளைவு தெரியாத ஆள் எவனாச்சும் உக்காருவான். அது இன்னும் மோசமுங்க."

இதுதான் நீ. ஆபத்து என்று தெரிந்தே, இன்னொருத்தன் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று போய் உட்கார்ந்தாய்.

மறுநாள் நான் பஸ்ஸோடு பாதி மலை ஏறியிருந்தேன். பனி திட்டுத்திட்டாக நின்றது. பின்னாலிருந்து ஹாரன் சத்தம். முதல் கார் என்னைத் தாண்டியது. இரண்டாவது தாண்டியது. அடுத்து வந்தது நீ இருந்த பச்சைக் கார், கூரை இல்லாதது. தாடி வைத்த ஒரு பெரிய ஆள் அதை ஓட்டினான். அவர்கள் நாட்டில் ரோட்டின் வலப்பக்கமாகப் போவார்களாம், அதனால் அந்தக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. என்னைத் தாண்டும்போது, என் ஜன்னலுக்கு நேர் கீழே, அவனுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்ததை நான் பார்த்தேன். அவனுக்கு அப்பால், வலப்பக்கச் சீட்டில், நீ. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தி அழுத்திக் காட்டிக்கொண்டிருந்தாய். மெதுவாக, மெதுவாக என்று.

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாயா? பார்த்தாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இது ஒன்றைத்தான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

இன்னும் சில வளைவுகள் ஏறியதும் தடுப்புச் சுவர் உடைந்து கிடந்தது. பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு நானும் சில ஆட்களும் சரிவில் இறங்கினோம். கார் ஒரு சில்வர் ஓக் மரத்தில் முட்டி நின்றிருந்தது. தாடிக்காரன் வெளியே விழுந்து, ஒடிந்த கையைப் பிடித்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நீ அந்த வலப்பக்கச் சீட்டிலேயே இருந்தாய். மரம் உன் பக்கம்தான் மோதியிருந்தது. உன்னைத் தூக்கிவந்து, இறங்கிக்கொண்டிருந்த காய்கறி வேனில் படுக்க வைத்தோம். நானும் ஏறிக்கொண்டேன். அடிவாரம் வருவதற்குள் நீ இல்லை.

இதற்கு மேல் நடந்தது உனக்குத் தெரியாது, மாப்ள.

ரகுநாத் அன்றைக்கு மத்தியானமே ஒரு கதையைக் கட்டி முடித்துவிட்டான். மாணிக்கம் குடித்திருந்தான். விருந்தாளியிடம் கெஞ்சி வண்டியை வாங்கி ஓட்டினான். வேண்டாம் என்று சொல்லியும் வேகமாகப் போனான். காருக்குள் கிடந்த பிராந்தி பாட்டிலையும் காட்டினான். அது யாருடைய பாட்டில் என்று கேட்க ஆளில்லை. குடியால் அப்பாவைப் பறிகொடுத்தவன் நீ. கல்யாண வீட்டில்கூடக் கையால் தொட மாட்டாய்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் நான் சொன்னேன். அவர் காரைச் சரிவில் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"செத்தவன் வலது பக்கம் உக்காந்திருந்தானா இல்லியா?"

"ஆமாங்க. ஆனா அந்த வண்டில ஸ்டியரிங் எடது பக்கமுங்க. நான் கண்ணால பாத்தனுங்க."

"நீ செத்தவனுக்குச் சொந்தக்காரன். வேற என்ன சொல்லுவ? போயி பஸ்ஸை எடு."

மறுநாளே கார் தார்ப்பாய் மூடி லாரியில் ஏறித் துறைமுகத்துக்குப் போய்விட்டது. தாடிக்காரன் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு பிளேன் ஏறிவிட்டான். என் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் எஸ்டேட் ரைட்டர் தங்கவேலு. கணக்கு வழக்கு பார்க்கிறவர், நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுகிறவர். நான் பார்த்ததையெல்லாம் அவரும் பார்த்தார். அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொன்னுசாமி, ரகுநாத் ஊட்டு எஸ்டேட்லதான் எனக்குச் சோறு. மூணு பொட்டப் புள்ளைங்க. என்னை உட்டுருப்பா."

விட்டுவிட்டேன். மறக்கவில்லை.

சரோஜா என்ன ஆனாள் என்று கேட்கிறாயா? அவளுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. காப்பிப் பழம் பறிக்கப் போனாள், அப்புறம் ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் சமையலுக்குப் போனாள். புருஷன் செத்ததற்கு யாரும் அவளைத் தேற்றவில்லை. குடித்துவிட்டுச் செத்தவன் பெண்டாட்டி என்று தலையை ஆட்டினார்கள். கவிதா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், ஒருநாள் திரும்பி வந்து, "அம்மா, அப்பா குடிகாரராம்மா?" என்று கேட்டாள். சரோஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே வகுப்புக்குப் போனாள். சொன்ன பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து, "இந்தப் புள்ளையோட அப்பா ஒரு நாளும் குடிச்சதில்ல கண்ணு. உங்க ஊட்ல யாரு சொன்னாங்களோ அவுங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தாள். குரலை உயர்த்தவில்லையாம். டீச்சர் என்னிடம் சொன்னார்.

பயணங்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு தை மாதமும் அந்தக் கார்கள் வந்தன. இப்போது ரகுநாத்தே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, வெள்ளை நிறக் காரில் முன்னால் போனான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கி வழி விட்டேன். அவன் தங்கும் ஓட்டலில் பரிமாறும் முருகேசன் ஒருநாள் என் பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் வந்து நின்றான். சொல்வதா வேண்டாமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"அண்ணே, சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம மாணிக்கண்ணன் உளுந்த வளைவுல வண்டிகளை நிறுத்தறாருங்க. எறங்கச் சொல்லி, கதை சொல்றாருங்க. குடிகார டிரைவர் கதை. எப்பிடித் தள்ளாடினான், எப்பிடி ஓட்டினான்னு நடிச்சுக் காட்டறாருங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. போட்டோ புடிக்கறாங்க."

பொய் சொல்லித் தப்பித்தது ஒன்று. உன்னைப் பயணத்தில் ஒரு வேடிக்கையாக ஆக்கியது இன்னொன்று. காசு கொடுத்து வருகிறவர்களுக்கு ஏரியைக் காட்டுகிறான், சேர்வராயன் கோயிலைக் காட்டுகிறான், உன் சாவையும் காட்டுகிறான். முதலாவதை நான் எப்படியோ விழுங்கியிருப்பேன். இரண்டாவதற்குப் பிறகு எனக்குச் சோறு உப்பில்லாமல் போனது.

ஒருநாள் அவன் கார் தனியாக, வளைவில் தவறான பக்கத்தில் இறங்கி வந்தது. நேரே என் பஸ்ஸின் மூஞ்சிக்கு. பிரேக்கின் மேல் என் கால் இருந்தது. அழுத்தாமல் இருந்தால் போதும், நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கண்ணாடியில் பார்த்தேன். வாழவந்திக் கிராமத்துப் பொம்பளைகள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அழுத்தினேன். அவர்களுக்காகத்தான் அழுத்தினேன். அவன் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

அன்றைக்கே சரோஜாவிடம் போய், "அவனை ஒருநாள் அந்த வளைவுலயே நிறுத்தறேன்" என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் தண்ணீரை வடித்துவிட்டு, "என்னைக்குன்னு சொல்லுண்ணா. நானும் வர்றேன்" என்றாள்.

அடுத்த தை மாதம் வந்தது. கார்கள் காலை டிபன் முடிந்து இறங்கப்போவதாக முருகேசன் சொல்லி அனுப்பினான். நான் இன்னொரு டிரைவரோடு டூட்டியை மாற்றிக்கொண்டு, அந்த நேரத்துக்குக் கீழிருந்து ஏறுகிற பஸ்ஸை எடுத்தேன். அடிவாரத்தில் சரோஜா ஏறினாள். அவளோடு நான் எதிர்பார்க்காத ஒரு ஆள், ரைட்டர் தங்கவேலு. தலை முழுக்க நரைத்திருந்தது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். சரோஜா அவர் வீட்டுக்கே போயிருக்கிறாள். "மூணு புள்ளைங்களையும் கட்டிக் குடுத்துட்டீங்க. இப்பவாச்சும் வர்றீங்ளா?" என்று மட்டும் கேட்டாளாம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வளைவுக்கு நான் போனபோது அவன் கதை சொல்லிக்கொண்டிருந்தான், மாப்ள. பழைய கார்கள் மேலே வரிசையாக நின்றன. வெள்ளைக்காரர்கள் தடுப்புச் சுவர் ஓரமாகக் கேமராவோடு நின்றார்கள். அவன் நடுவில் தள்ளாடிக் காட்டிக்கொண்டிருந்தான். பஸ்ஸைப் பார்த்ததும் கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினான்.

நான் பஸ்ஸை வளைவின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். கண்டக்டர் இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"ஏம்ப்பா, ஓரமா எடு" என்றான் ரகுநாத்.

"எடுக்கறேனுங்க. முதல்ல கதைய முடிங்க. நாங்களும் கேக்கறோம்."

பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சரோஜா அவன் முன்னால் போய் நின்றாள்.

"என்னைத் தெரியுதுங்களா?"

அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் உன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு உன் பெண்டாட்டி முகம் தெரியவில்லை.

"மாணிக்கத்து ஊட்டுக்காரிங்க."

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "அப்புறமா பங்களாவுக்கு வாம்மா. பேசிக்கலாம்."

"இல்லீங்க. நீங்க இங்கதானே பேசறீங்க. இங்கயே பேசிக்கலாம்."

அவள் வரிசையைப் பார்த்தாள். இரண்டாவதாக நின்ற சிவப்புக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. அதை ஓட்டிவந்தவர் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா. சரோஜா அந்தக் காரின் வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"சார், இப்பிடி உக்காருங்க. உக்காந்து இந்த வண்டிய ஓட்டிக் காட்டுங்க. என் ஊட்டுக்காரரு இந்தப் பக்கம் உக்காந்துதான் ஓட்டினாருன்னு சொன்னீங்களே. எப்பிடி ஓட்டினாருன்னு நானும் பாக்கறேன்."

தங்கவேலு அதை இங்கிலீஷில் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். சிரித்த முகங்கள் அப்படியே நின்றுவிட்டன. அந்த வயதான அம்மா திறந்த கதவைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். ரகுநாத்திடம் ஏதோ கேட்டார்.

"விழுந்த வண்டி எதுன்னு கேக்கறாங்க" என்றார் தங்கவேலு.

ரகுநாத் ஞாபகமில்லை என்றான். நான் சொன்னேன். பச்சைக் கார், கூரை கிடையாது, ஓட்டினவர் தாடி வைத்திருந்தார். அந்த அம்மா தலையாட்டினார். அந்தக் காரை அவருக்குத் தெரியுமாம். அதைச் சரிசெய்து இப்போது வேறொருவர் வைத்திருக்கிறாராம். ஸ்டியரிங் இடப்பக்கம் என்று அவரே சொன்னார். ஒரு மனுஷன் செத்ததை அவர்கள் ஊரில் யாரும் பேசவில்லை, மாப்ள. காரை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள். நல்லவேளை, அதாவது இருந்தது.

அப்புறம் தங்கவேலு, யாரும் கேட்காமலே, "நானும் பாத்தேன். அன்னிக்கு இவரு பஸ்ல முன் சீட்ல நானும் இருந்தேன். மாணிக்கம் ஓட்டல" என்றார். முதலில் இங்கிலீஷில், பிறகு ஊர் ஜனத்தைப் பார்த்துத் தமிழில். சொல்லிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

இதற்குள் மேலேயும் கீழேயும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். திரும்பிப் போய் என்ஜினை அணைத்துவிட்டு வந்து, "எங்களுக்கு அவசரம் ஒண்ணுமில்லீங்க" என்றார். அப்புறம் ஹாரன் சத்தமே இல்லை.

ரகுநாத்துக்குப் போக வழியில்லை. முன்னால் என் பஸ், பின்னால் அவனுடைய விருந்தாளிகள். "என்னதான் வேணும்?" என்று என்னிடம் கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. ஓட்டுனது யாருன்னு சொல்லுங்க. மாணிக்கம் குடிக்கலீன்னு சொல்லுங்க. ரெண்டு பாஷைலயும் சொல்லுங்க."

அவன் கூலிங் கிளாஸைக் கழற்றினான். இங்கிலீஷில் வாய்க்குள்ளேயே சொன்னான். அந்த வயதான அம்மா காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு மறுபடியும் சொல்ல வைத்தார். பிறகு தமிழில் சொன்னான். "விருந்தாளிதான் ஓட்டினார். அவன் ஓட்டல. குடிக்கல."

"அவருன்னு சொல்லுங்க" என்றாள் சரோஜா.

அவன் அவளைப் பார்த்தான்.

"அவரு ஓட்டல. அவரு குடிக்கல."

நான் ஏறி என்ஜினைப் போட்டேன். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. "பின்னால எடுங்க" என்றேன். அவன் அந்த வளைவில் காரைப் பின்னுக்கு எடுத்தான். இரண்டு முறை என்ஜின் நின்றுபோனது. அவன் கழுத்தில் வியர்வை வழிந்ததை நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மாப்ள. பெரிய மனசு இருப்பதாக இங்கே நடிக்கப் போவதில்லை. அவன் இன்னும் நாலு முறை என்ஜினை நிறுத்தமாட்டானா என்று இருந்தது.

விருந்தாளிகள் பலர் சேலத்தோடு அவனை விட்டுப் பிரிந்துவிட்டார்கள் என்று முருகேசன் சொன்னான். கார் வைத்திருப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒருவருக்கொருவர் பழக்கம். பேச்சு பரவிவிட்டது. அடுத்த தை மாதம் யாரும் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. அவன் அந்தத் தொழிலையே மூடினான். மூடுவதற்கு முன்னால் என் மேல் புகார் கொடுத்தான். என்னைச் சஸ்பெண்ட் செய்து, பிறகு மலை ரூட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓய்வு பெறும்வரைக்கும் சேலம் டவுனுக்குள் மட்ட ரோட்டில் ஓட்டினேன். கை மலையைத் தேடும். அதற்காக ஒருநாளும் வருத்தப்படவில்லை.

போதுமா என்று நீ கேட்பாய். போதாது. அந்தத் தாடிக்காரன் எங்கேயோ இன்னும் கார் ஓட்டிக்கொண்டிருப்பான். அந்த அதிகாரி மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். டீக்கடையில் நேற்றும் அதே கேள்வி.

நல்ல சேதியும் சொல்ல வேண்டும். கவிதா சேலத்தில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். உன்னைப் போலவே, பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது எப்படி வந்தது?

போன மாதம் ரகுநாத்தின் மகன் எங்கள் ஊட்டைத் தேடி வந்தான். மரியாதையான பையன், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. காப்பி கொடுத்தோம். பெங்களூர் வீட்டில் அப்பனுக்குப் பக்கவாதமாம். ஒரு பக்கம் கை கால் வரவில்லை. பேச்சும் குழறுகிறது. புத்தி மட்டும் தெளிவாக இருக்கிறதாம்.

"உங்களையும் மாணிக்கம் சம்சாரத்தையும் ஒருமுறை பாக்கணும்னு சொல்றாருங்க. மன்னிப்புக் கேக்கணுமாம். அதையே சொல்லிட்டிருக்காரு."

அவன் போன பிறகு சரோஜாவிடம் கேட்டேன். அவள் காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நான் வரலீண்ணா. படுத்துக் கெடக்கறதப் பாத்தா பாவம்னு தோணிருமோன்னு பயமா இருக்குது. எனக்கு அப்பிடித் தோண வேண்டாம்."

"நான் போகட்டுமா?"

"போ. ஆனா மன்னிச்சுட்டேன்னு மட்டும் என் பேர்ல சொல்லீராத."

போகிறேன், மாப்ள. பெங்களூர் பஸ்ஸுக்குச் சொல்லிவைத்துவிட்டேன். மன்னிக்கப் போகவில்லை. திட்டவும் மாட்டேன், அடிக்கவும் மாட்டேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவேன். உன்னைப் பற்றிச் சொல்லுவேன். கவிதாவைக் குளிப்பாட்ட உன்னைத் தவிர யாரையும் விடமாட்டாய் என்று. சரோஜாவுக்குக் காய்ச்சல் வந்தபோது நீ வைத்த ரசத்தில் புளி போட மறந்து, அதையே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறது என்று குடித்தோம் என்று. அவனுடைய விருந்தாளிகளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று நீதான் போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்தாய் என்று. கவிதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என்ன கேட்டாள் என்று. எல்லாவற்றையும், அவசரப்படாமல், ஒவ்வொன்றாக.

அவனால் எழுந்து போக முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். கண்ணை மூடிக்கொண்டால் திறக்கும்வரை காத்திருப்பேன். நான் ஓய்வு பெற்றவன், மாப்ள. எனக்கு எந்த டூட்டியும் இல்லை. தான் எப்பேர்ப்பட்ட ஆளைக் கொன்றோம் என்று அவனுக்கு முழுசாகத் தெரிகிறவரைக்கும் நான் திரும்ப மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மச்சான்,
சரோஜாவின் அண்ணன், கவிதாவின் மாமன்,
பொன்னுசாமி